செஞ்சிக் கோட்டையும் ஆயாவின் ஞாபகமும்



போன வாரம் வந்த மெயில்களில் ஒண்ணு மட்டும் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. அனுப்பினவர் சென்னையில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிற மாணவர். சொந்த ஊர் செஞ்சிப் பக்கம் அவலூர்பேட்டை. பேரைப் போட வேண்டாம்னு கேட்டிருக்கார். அதனால் 'தம்பி'ன்னே வெச்சுக்குவோம்.

மெயிலைச் சுருக்கமாத் தர்றேன்...

"சார், எங்க ஆயாவுக்கு 62 வயசு. அவலூர்பேட்டை சந்தையில காய்கறி வியாபாரம். பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல. ஆனா கணக்குல புலி. அரைக் கிலோ கத்திரிக்கா, கால் கிலோ பச்சை மிளகா, முக்கால் கிலோ தக்காளின்னு அடுக்கினா, நாம மொபைலை எடுக்கறதுக்குள்ள மொத்தத்தைச் சொல்லிடும். ஒரு வருஷமா சரியில்ல சார். நூறு ரூபா குடுத்தவருக்கு, மீதின்னு ஐநூறு ரூபா நோட்டைத் தூக்கிக் குடுத்திருக்கு. சித்தகிரி முருகன் கோயிலுக்குப் போயிட்டு, திரும்பி வர வழி தெரியாம ரோட்டுல நின்னிருக்கு. ஆயிரம் தடவை நடந்த வழி அது! என்னையே ரெண்டு தடவை எங்க சித்தப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஸ்கேன் எடுத்தாங்க. அப்புறம் 'முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்'னாங்க. அவ்வளவுதான்... வீடே ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு. 'முதுகுல குத்தினா கால் விளங்காமப் போயிடும்'னு பெரியப்பா. 'வயசானா மறக்கத்தானே செய்யும், அதுக்கு எதுக்கு ஊசி'ன்னு அத்தை. எங்கப்பா என்னைக் கேட்கறார், 'நீதான்டா படிச்சவன், நீ சொல்லு'ன்னு. நான் படிக்கறது மெக்கானிக்கல் சார்! மூளையில இருக்கற வியாதிக்கு முதுகுல ஏன் ஊசி? நான் என்ன சொல்லட்டும்?"

தம்பி, உங்க வீட்டுல நடக்கற இந்தப் பஞ்சாயத்து நிறைய வீடுகள்ல நடக்குது. அதனால உங்களுக்கு மட்டும் பதில் போடாம, எல்லோருக்கும் சேர்த்தே எழுதறேன். முதல்ல உங்க ஊர்ப் பக்கத்துக் கோட்டைக்கே போவோம்.

கோட்டை மாதிரி ஒரு மூளை

செஞ்சிக் கோட்டைக்கு காலேஜ் டூர் போகாதவங்க குறைச்சல். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணையும் வளைச்சுப் பிடிச்ச மதில். அகழி. ராஜகிரி உச்சிக்கு ஏறும்போது நடுவுல ஒரு பெரிய பாறைப் பிளவு வரும். மரப்பாலத்தை எடுத்துட்டா எதிரி அந்தப் பக்கமே நிக்க வேண்டியதுதான். ஜுல்ஃபிகார் கான் தலைமையில முகலாயப் படை 1690-ல முற்றுகை போட்டது. கோட்டை விழுந்தது 1698-ல! 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல இந்தக் கோட்டையும் சேர்ந்தாச்சு.

நம்ம மூளையும் அப்படி ஒரு கோட்டைதான். ரத்தத்துல ஓடற எதுவும் நினைச்ச மாத்திரத்துல மூளைக்குள்ள நுழைய முடியாது. நடுவுல 'ரத்த-மூளைத் தடுப்புச் சுவர்' இருக்கு. ஒரே ஒரு வித்தியாசம்... இது மூளையைச் சுத்திக் கட்டின ஒரே மதில் இல்லை. மூளைக்குள்ள ஓடற ஒவ்வொரு நுண்ணிய ரத்தக்குழாயோட சுவரும்தான் அந்த மதில். மூளையில இருக்கற அத்தனை நுண்குழாய்களையும் நீட்டிப் போட்டா சுமார் 600 கிலோமீட்டர் வரும்னு கணக்கு. கிட்டத்தட்ட சென்னையிலிருந்து திருநெல்வேலி வரைக்கும்... அவ்வளவு நீள மதில் உங்க தலைக்குள்ள!

இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? சாயத்தை வெச்சுத்தான். 1885-ல பால் எர்லிக்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி, விலங்குகளோட ரத்தத்துல சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். உடம்பு பூரா சாயம் ஏறிடுச்சு. மூளை மட்டும் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. 'மூளைக்கு இந்தச் சாயம் பிடிக்காதுபோல'ன்னு விட்டுட்டார். அவர்கிட்ட வேலை பார்த்த எட்வின் கோல்ட்மன் விடலை. 1913-ல அவர் சாயத்தை ரத்தத்துல விடாம, மூளையைச் சுத்தி இருக்கற நீர்ல விட்டார். இப்போ மூளை நீலமாச்சு, உடம்பு வெள்ளையாவே இருந்துச்சு! அப்போ சாயத்துல குத்தம் இல்லை, நடுவுல ஏதோ தடுப்பு இருக்கு. லீனா ஸ்டெர்ன் என்ற பெண் விஞ்ஞானி 1921-ல இதுக்குத் தடுப்புச் சுவர்னே பேர் வெச்சார். 1967-லதான் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல அந்தச் சுவரையே பார்த்தாங்க. ரத்தக்குழாய்ச் சுவர் செல்கள், சந்தே இல்லாம ஒண்ணோடொண்ணு தைச்ச மாதிரி ஒட்டிக் கிடந்துச்சு.

காவலாளிக்கு ரெண்டு வேலை

கோட்டை வாசல்ல நிக்கற காவலாளிக்கு முதல் வேலை, யாரை உள்ளே விடறதுன்னு பார்க்கறது. ஆக்சிஜன், காபியில இருக்கற காஃபின், ஆல்கஹால் இதெல்லாம் சர்வ சாதாரணமா உள்ளே போயிடும். குளுக்கோஸுக்கு தனி வாசல், தனி வண்டி. ஜலதோஷத்துக்குப் போடற சில பழைய மாத்திரை கிளாஸ்லயே தூங்க வைக்குதே, ஏன்? அது சுவரைத் தாண்டி மூளைக்குள்ள போயிடுது. புது வகை மாத்திரைகள் அந்த அளவு தாண்டறதில்லை, அதனால தூக்கமும் கம்மி.

பார்க்கின்சன் நோய்ல மூளையில டோபமைன் குறைஞ்சு போகுது. சரி, டோபமைனையே ஊசியாப் போடலாமேன்னா, அது சுவரைத் தாண்டாது. அதனால எல்-டோபான்னு மாறுவேஷத்துல அனுப்பறாங்க. வாசல்ல விட்டுடுவாங்க, உள்ளே போய் டோபமைனா மாறிக்கும். பெரிய மூலக்கூறு மருந்துகளுக்கோ ஜுல்ஃபிகார் கான் கதைதான். ஆன்டிபாடி மருந்தை ரத்தத்துல ஏத்தினா, ஆயிரத்துல ஒரு பங்கு மூளை நீருக்குப் போனாலே பெரிய விஷயம்.

ரெண்டாவது வேலையைத்தான் நாம மறந்துடறோம். உள்ளே சேர்ற குப்பையை வெளியேத்தறது! மூளை செல்கள் வேலை செய்யும்போது அமைலாய்டு பீட்டான்னு ஒரு புரதத் துணுக்கு உண்டாகிட்டே இருக்கும். உங்களுக்கும் எனக்கும்கூட உண்டு. அதுல ஒரு பகுதியை, ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கற எல்.ஆர்.பி. மாதிரியான ஏற்பிகள் பிடிச்சு இழுத்து ரத்தத்துல தள்ளும். தினமும் குப்பை வண்டி வர்ற தெரு சுத்தமா இருக்கும். வண்டி வர்றது குறைஞ்சா? குவியும். அல்சைமர் நோய்ல நடக்கற விஷயங்கள்ல அது ஒண்ணு.

1906 நவம்பர்ல அலாய்ஸ் அல்சைமர்னு ஒரு ஜெர்மன் டாக்டர், இறந்துபோன தன் நோயாளி ஒருத்தரோட மூளையை மைக்ராஸ்கோப்ல பார்த்து ரெண்டு விஷயம் சொன்னார். செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டா ஒரு படிவு. செல்களுக்கு உள்ளே சிக்கு விழுந்த நூல் மாதிரி முடிச்சு. படிவு அமைலாய்டு, முடிச்சு டாவ் என்ற புரதம்னு பின்னாடி தெரிஞ்சுது. கவனிங்க... அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ வயசு 51தான். அத்தைகிட்ட சொல்லுங்க தம்பி, இது வெறும் 'வயசானா மறக்கறது' இல்லை. வயசானவங்க சாவியை எங்கே வெச்சோம்னு மறக்கலாம். சாவி எதுக்குன்னே புரியாமப் போறது வேற. கணக்குல புலியா இருந்தவங்க சில்லறையில தடுமாறுறதும், ஆயிரம் தடவை நடந்த வழியில நின்னுடறதும் டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறி.

கோட்டைக்கு வெளியே வர்ற தண்ணி

இப்போ உங்க முக்கியக் கேள்வி. மூளைக்கு வந்த வியாதிக்கு முதுகுல ஏன் ஊசி?

ஒரு கோட்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும், ஆனா உள்ளே போக முடியாது. என்ன பண்ணலாம்? கோட்டையிலிருந்து வெளியே வர்ற தண்ணியைப் பார்க்கலாம். தண்ணி கலங்கி வருதா, சாம்பல் வருதா, ரத்தம் வருதா... பார்த்தே உள் நிலவரத்தைச் சொல்லிடலாம்.

மூளைக்கும் அப்படி ஒரு தண்ணி உண்டு. பேரு, மூளைத் தண்டுவடத் திரவம். பார்க்க சுத்தமான குடிதண்ணி மாதிரி தெளிவா இருக்கும். எந்நேரமும் சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு நாளைக்கு சுமார் 500 மில்லி புதுசா ஊறும். அதாவது தினமும் மூணு தடவைக்கு மேல பழசு போய் புதுசு வருது. மூளையை நனைச்சுட்டு, அதே நீர் முதுகுத்தண்டு வழியா இடுப்பு வரைக்கும் இறங்குது. மண்டையோட்டைத் திறக்காம அந்த நீரைத் தொடணும்னா, சுலபமான இடம் இடுப்புதான். அதான் முதுகுல ஊசி! 1891-லயே ஹைன்ரிக் குவிங்கே என்ற டாக்டர் இந்த முறையைச் செய்து காட்டிட்டார்.

அந்த நீர்ல என்ன தேடறாங்க?

ஒண்ணு, அமைலாய்டு பீட்டா 42. அல்சைமர்ல இது கூடியிருக்கணும்னுதானே நினைப்போம்? இல்லை, குறைஞ்சிருக்கும்! ஏரி மதகுல தண்ணி குறைஞ்சா, மேல எங்கேயோ அடைச்சு நிக்குதுன்னு அர்த்தம் இல்லையா? அதே கதை. அமைலாய்டு மூளையிலேயே திட்டுத் திட்டாப் படிஞ்சு நின்னுடறதால, வெளியே வர்ற நீர்ல குறைச்சலா வருது.

ரெண்டு, டாவ் புரதம். இது கூடியிருக்கும். மூளை செல்கள் பழுதாகும்போது வெளியேறி நீர்ல கலக்குது. அதுலயும் பாஸ்பேட் ஒட்டின டாவ் கூடியிருந்தா, அல்சைமர் பக்கம் சந்தேகம் பலமாகுது. அமைலாய்டு குறைவு, டாவ் அதிகம்... இந்த ஜோடிதான் டாக்டர்கள் தேடற கையெழுத்து.

மூணு, மதிலே ஓட்டையாடுச்சான்னு பார்க்கற கணக்கு. ஆல்புமின்னு ஒரு புரதம். அதை உற்பத்தி பண்றது கல்லீரல்தான், மூளை இல்லை. அதனால மூளை நீர்ல ஆல்புமின் இருந்தா, அது ரத்தத்துலேர்ந்து வந்ததுதான். சாதாரணமா ரத்தத்துல இருக்கற அளவுல சுமார் 200-ல ஒரு பங்குதான் நீர்ல இருக்கும். அதுக்கு மேல கூடினா, சுவர்ல எங்கேயோ கசியுதுன்னு சந்தேகப்படலாம்.

மதில் ஓட்டையாகறதாலதான் மறதி வருதா, இல்லே நோய் வந்ததால மதில் ஓட்டையாகுதா? இது விஞ்ஞானிகள் மத்தியில இன்னும் முடியாத பட்டிமன்றம். அமெரிக்காவில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக் குழு 2019-ல ஒரு ஆய்வை வெளியிட்டுச்சு. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில, மறதி ஆரம்பிக்கற கட்டத்துலயே நுண்குழாய்ச் சுவர்கள் கசியறதைப் பார்த்தாங்க. அமைலாய்டு, டாவ் அளவு எப்படி இருந்தாலும் கசிவு இருந்துச்சு. எல்லா ஆய்வும் இதோட ஒத்துப்போகலை. ஆனா ஒண்ணு மட்டும் தெளிவு... மூளையை மட்டும் பார்த்தாப் போதாது, அதுக்குப் போற ரத்தக்குழாயையும் பார்க்கணும்.

குத்தினா கால் போயிடுமா?

இது பெரியப்பாவுக்கு. அவர் பயத்துல நியாயம் இருக்கு. முதுகுத்தண்டுக்குள்ள தண்டுவடம் ஓடுது, அதுல அடிபட்டா கால் போகும்ங்கறது நிஜம். ஆனா, பெரியவங்களுக்கு அந்தத் தண்டுவடம் இடுப்பு வரைக்கும் வர்றதே இல்லை. முதல் அல்லது ரெண்டாவது இடுப்பு முள்ளெலும்போட முடிஞ்சு போகுது. ஊசி போடறது அதுக்கும் கீழே, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல, இல்லேன்னா நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. அங்கே இருக்கறது நீர்ல மிதக்கற நரம்பு இழைகள் மட்டும்தான். தண்ணியில மிதக்கற கயிறு மாதிரி, ஊசி பட்டா பெரும்பாலும் நழுவி விலகிக்கும்.

வீட்டுல யாருக்காவது சிசேரியன் நடந்திருக்கா? இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகுல ஊசி போட்டிருப்பாங்களே... அதே வாசல்தான் இது. அங்கே மருந்தை உள்ளே விடறாங்க, இங்கே நீரை வெளியே எடுக்கறாங்க.

எடுக்கற நீரும் கொஞ்சம்தான். 10 மில்லி எடுத்தாங்கன்னா, உடம்பு அரை மணி நேரத்துல அதை ஊற வெச்சுடும். ஒரு நாளைக்கு 500 மில்லின்னா, மணிக்கு 20 மில்லிக்கு மேல. கணக்குப் போட்டுப் பாருங்க.

ஆனா, பிரச்னையே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். சிலருக்கு அப்புறம் சில நாள் தலைவலி இருக்கும். எழுந்து உட்கார்ந்தா கூடும், படுத்தா குறையும். மெலிசான, முனை மழுங்கின தனி வகை ஊசியைப் பயன்படுத்தினா இது கணிசமாக் குறையும். மண்டைக்குள்ள அழுத்தம் கூடியிருக்கறவங்களுக்கும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கும், ஊசி போடற இடத்துல புண் இருக்கறவங்களுக்கும் டாக்டர் யோசிச்சுத்தான் செய்வார். அதுக்காகத்தான் முன்னாடியே ஸ்கேன் எடுத்துப் பார்க்கறது.

அப்போ எடுத்தே ஆகணுமா?

கட்டாயம்னு நான் சொல்ல மாட்டேன். மறதின்னு வர்ற எல்லோருக்கும் முதல் டெஸ்ட் இது இல்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில கண்டுபிடிச்சு சரி பண்ணக்கூடிய மறதிகள் இருக்கு. பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு ரெண்டும் அப்படித்தான். மனச்சோர்வு மறதி வேஷம் போடும். தூக்க மாத்திரையும் போடும். எப்பவோ கீழே விழுந்து மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், அது ஸ்கேன்ல தெரியும். மூளைக்குள்ள நீர் தேங்கற இன்னொரு கோளாறு உண்டு. நடை தடுமாறும், சிறுநீர் அடக்க முடியாது, மறதியும் வரும். அதுக்கு முதுகுல நீர் எடுத்ததும் நடை தேறுதான்னு பார்த்தே, ஆபரேஷன் பலன் தருமான்னு முடிவு பண்ணுவாங்க.

உங்க ஆயாவுக்கு அறிகுறி ஆரம்பிச்சது 61-ல. 65 வயசுக்கு முன்னாடி வர்ற மறதிக்கு காரணத்தை உறுதி பண்ண இந்த டெஸ்ட் ரொம்ப உதவும். அதனால டாக்டர் கேட்டதுல நியாயம் இருக்கு.

இன்னொரு விஷயம். ஆயாவோட ஞாபக டெஸ்ட் எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க. 'நூறிலிருந்து ஏழு ஏழாக் கழிச்சுட்டு வாங்க, இந்த வரியைப் படிங்க'ன்னா, பள்ளிக்கூடம் போகாதவங்க எப்படிச் செய்வாங்க? தேறலைன்னா அது மறதியா, படிக்காத குறையா? இந்தச் சிக்கலுக்காகவே 1998-ல கொச்சியில கூடின ஆராய்ச்சியாளர்கள் '10/66'-னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க. பேருக்கு அர்த்தம் தெரியுமா? உலகத்துல மறதி நோய்க்காரர்கள்ல 66 சதவீதம் பேர் வளரும் நாடுகள்ல இருக்காங்க, ஆராய்ச்சி மட்டும் 10 சதவீதத்துக்கும் குறைவு! எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் பொருந்தற மாதிரி டெஸ்ட்டை உருவாக்கினாங்க. அவங்க ஆய்வு நடந்த இடங்கள்ல சென்னையும், வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. சந்தையில மீதிச் சில்லறை கொடுத்த விதம் மாறினதை உங்க வீட்டுல கவனிச்சீங்களே, அதுவே ஆயாவுக்கான நல்ல டெஸ்ட்தான். அதை டாக்டர்கிட்ட மறக்காம விவரமாச் சொல்லுங்க.

டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க தம்பி. ஒண்ணு, இந்த நீரை எதுக்காக எடுக்கறீங்க, எதைச் சந்தேகப்படறீங்க? ரெண்டு, ரிசல்ட் இப்படி வந்தா சிகிச்சையில என்ன மாறும், அப்படி வந்தா என்ன மாறும்? மூணு, எங்கே அனுப்பி டெஸ்ட் பண்றீங்க? மூணாவது கேள்வி சும்மா இல்லை. அமைலாய்டு சில வகை பிளாஸ்டிக் குழாய்ல ஒட்டிக்கும். சரியான குழாய்ல எடுக்கலைன்னா அளவு தப்பாக் குறைஞ்சு காட்டும். பழக்கப்பட்ட இடத்துல செய்றது முக்கியம்.

ஊசியே இல்லாம முடியாதான்னு கேட்டா, அந்தக் காலம் கிட்ட வந்துட்டிருக்கு. டாவ் 217-னு ஒரு வகைப் புரதத்தையும் அமைலாய்டையும் ரத்தத்துலயே அளக்கற டெஸ்ட்டுக்கு, 2025 மே மாசம் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துச்சு. அதுவும் அறிகுறி இருக்கற 55 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு எடுக்கற டெஸ்ட் இல்லை.

மருந்து? இப்போதைக்கு முழுசாக் குணமாக்கற மருந்து இல்லை. டோனெபெசில், மெமன்டின் மாதிரி மாத்திரைகள் ஓரளவு தாங்கிப் பிடிக்கும். அமைலாய்டைத் துடைக்கற லெகனெமாப் என்ற ஊசி மருந்துக்கு 2023-ல அமெரிக்காவில் முழு அனுமதி கிடைச்சுது. ஆரம்ப கட்டத்துல இருக்கறவங்களுக்கு 18 மாசத்துல நோய் முன்னேறும் வேகம் 27 சதவீதம் குறைஞ்சுது. வேகம்தான் குறையுது, நோய் நிக்கலை. சிலருக்கு மூளையில வீக்கம், ரத்தக்கசிவு வர்ற ஆபத்தும் உண்டு. அந்த மருந்து தரணும்னாலும், மூளையில அமைலாய்டு இருக்குன்னு முதல்ல நிரூபிக்கணும்.

நாட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீங்க!

'அமுக்கிராக் கிழங்கு மறதியைப் போக்கும்'னு ஒரு ஃபார்வர்டு உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்லயும் வந்திருக்கும். இதுக்குப் பின்னாடி ஒரு நிஜமான இந்திய ஆராய்ச்சி இருக்கு. விஜயலட்சுமி ரவீந்திரநாத் தலைமையில, ஹரியானா மாநிலம் மானேசரில் இருக்கற தேசிய மூளை ஆராய்ச்சி மையத்துக் குழு 2012-ல வெளியிட்டது. அல்சைமர் மாதிரி நோய் உண்டாக்கின எலிகளுக்கு 30 நாள் அமுக்கிராச் சாறு கொடுத்தாங்க. எலிகள் தேறின. மூளையில அமைலாய்டு குறைஞ்சுது.

ஆச்சரியம் என்னன்னா, அந்த மருந்து வேலை செஞ்சது முக்கியமாக் கல்லீரல்ல! அங்கே எல்.ஆர்.பி.யைக் கூட்டி, ரத்தத்துல விட்டு, மூளையிலிருந்து அமைலாய்டை வெளியே இழுத்துச்சு. கோட்டைக்குள்ள நுழையாமலே, வெளியில குப்பை வண்டிகளைக் கூட்டின கதை. அருமையான யோசனை. ஆனா அது எலி! மனுஷங்களுக்கு அல்சைமர் இதனால தீரும்னு இதுவரைக்கும் நிரூபணம் இல்லை. அமுக்கிரா மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரலே பாதிச்சதா டாக்டர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. டாக்டரைக் கேட்காம ஆயாவுக்குப் பொடி வாங்கிக் கொடுக்காதீங்க.

நமக்கென்ன, நாம யூத்துதானே?

அப்படியா? 2023-ல வெளியான ஒரு இந்திய ஆய்வுக் கணக்குப்படி, நம்ம நாட்டுல 60 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கு. நகரத்தை விட கிராமத்துல அதிகம். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். உங்க கிளாஸ்ல எத்தனை பேர் வீட்டுல ஒரு ஆயா, ஒரு தாத்தா இப்படி இருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க.

இன்னொரு உண்மை... அறிகுறி தெரியறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே மூளையில அமைலாய்டு படிய ஆரம்பிச்சுடுது. அதாவது இது உங்க அப்பா, அம்மா வயசுல தொடங்கற விஷயம். 2024-ல 'லான்செட்' மருத்துவ இதழ் அமைச்ச குழு, நாம மாத்தக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டுச்சு. அதையெல்லாம் சரி பண்ணினா, உலகத்துல மறதி நோய்ல 45 சதவீதம் வரைக்கும் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம்னு கணக்கு. பட்டியல்ல பி.பி., சுகர், கெட்ட கொழுப்பு, சிகரெட், காது கேளாமை, தனிமை, தலையில அடிபடறது எல்லாம் இருக்கு. அப்பாவுக்கு பி.பி. செக் பண்ணி எவ்வளவு நாளாச்சு? இயர்போன் வால்யூம் எந்த அளவுல இருக்கு? பைக்ல ஹெல்மெட் தலையில இருக்கா, பெட்ரோல் டேங்க் மேல இருக்கா?

ஆயாவுக்கு வருவோம். டெஸ்ட் எப்படி வந்தாலும், பார்த்துக்கறவங்களுக்கும் துணை வேணும். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. ரெண்டுமே கட்டணமில்லா எண்கள். அம்மாவோ அத்தையோ தனியாச் சுமக்க வேண்டியதில்லை.

கடைசியா ஒரு கேள்வி

இதையெல்லாம் எழுதி முடிச்சுட்டு, தம்பிக்கு போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொல்லிட்டு, ஒண்ணு கேட்டேன். "பெரியப்பா என்ன சொன்னார், அத்தை என்ன சொன்னாங்க, அப்பா என்ன சொன்னார்னு எழுதியிருக்கீங்க. ஆயா என்ன சொல்லுச்சு?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு, "கேட்கலை சார்" என்றார்.

தப்பா நினைக்காதீங்க, பெரும்பாலான வீடுகள்ல இதுதான் நடக்குது. மறதின்னு ஒரு வார்த்தை வந்த உடனே, அந்த மனுஷியை விட்டுட்டு அவங்களைப் பத்தி நாம பேச ஆரம்பிச்சுடறோம். ஆனா, சில்லறை மாத்திக் கொடுத்த ஆயாவால, தன் முதுகுல ஊசி போடலாமா வேண்டாமான்னு இன்னிக்குச் சொல்ல முடியும். நிலத்தை யார் பேர்ல எழுதணும், பேங்க்ல இருக்கறதை யார் பார்த்துக்கணும், கடைசி வரைக்கும் எங்கே இருக்கணும்... எல்லாத்தையும் சொல்ல முடியும். ரெண்டு வருஷம் கழிச்சுக் கேட்டா, பதில் வராமப் போகலாம். சீக்கிரமாத் தெரிஞ்சுக்கறதோட பெரிய லாபம் மாத்திரை மருந்துல இல்லை, இதுலதான் இருக்கு.

சனிக்கிழமை தம்பி ஊருக்குப் போனார். ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் வந்துச்சு. திண்ணையில உட்கார்ந்து, பேப்பர்ல முதுகெலும்பு படம் போட்டு, ஆயாவுக்கே விளக்கியிருக்கார். ஆயா முழுசாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சாம்.

"வலிக்குமாடா?"

"கொஞ்சம் வலிக்கும் ஆயா. ரெண்டு நாள் தலைவலி இருந்தாலும் இருக்கும்."

"அதான் உண்மையைச் சொல்றே. மத்தவங்கெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னே சொல்றாங்க. ஒண்ணும் இல்லாமயா என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறீங்க? போலாம் வா. நீ கூட வரணும்."

அடுத்த வாரம் போறாங்க. தம்பி ஒரு இன்டர்னலைத் தியாகம் பண்ணிட்டுக் கூடப் போறார். ரிசல்ட் வந்ததும் சொல்றேன்னு சொல்லியிருக்கார்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு அசைன்மென்ட். வீட்டுக்கு போன் போடுங்க. ஆயாகிட்டயோ தாத்தாகிட்டயோ போனைக் கொடுக்கச் சொல்லுங்க. அவங்களைப் பத்தி அம்மாகிட்ட விசாரிக்காம, அவங்ககிட்டயே பேசுங்க.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்!